பொமரேனியனும் பிர்மாசென்ஸ் செருப்பும்: மோஸ்தர் கொண்டுபோனது எது, கூலி கொண்டுபோனது எது?

பைன்காட்டுத் தமிழன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியின் தென்மேற்கிலுள்ள கைசர்ஸ்லவுட்டர்னில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்த்துவருகிறேன். சென்ற மாதம் கிடைத்த இரண்டு நாள் விடுப்பில், தெற்கே சற்றுத் தொலைவிலிருக்கும் பிர்மாசென்ஸ், ஹவுவன்ஸ்டைன் ஆகிய இரண்டு ஊர்களுக்கும் போய்வந்தேன். ஒரு காலத்தில் ஜெர்மனியில் காலணி என்றாலே இந்த வட்டாரந்தான். ஹவுவன்ஸ்டைனில் பழைய செருப்பாலை ஒன்றின் கட்டடத்திலேயே 1996 முதல் காலணி அருங்காட்சியகம் நடந்துவருகிறது. பிர்மாசென்ஸில் ரைன்பெர்கர் என்ற மாபெரும் ஆலை ஓடிய கட்டடத்தில் இப்போது டைனமிக்கும் என்ற அறிவியல் கூடம் இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் செருப்புத் தைத்த தளத்தில் பள்ளிப் பிள்ளைகள் நெம்புகோலை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் தங்கினேன். வண்டியை நிறுத்தியதும், விறகு அடுக்கின் உச்சியில் நின்றபடி கரிய நாய் ஒன்று குரைக்கத் தொடங்கியது. கூர்மூக்கு, விறைத்த சிறு காது, முதுகின்மேல் சுருண்ட வால், கழுத்தைச் சுற்றிப் பிடரிமயிர்; எங்கள் மாம்பலம் வீட்டில் வளர்ந்த வெள்ளை நாயை இரண்டு மடங்கு பெரிதாக்கிக் கரியில் புரட்டி எடுத்ததுபோல் இருந்தது. "பொமரேனியனா?" என்று கேட்டுவிட்டேன். வீட்டுக்கார அம்மாளுக்கு முகம் சுருங்கியது. அது க்ரோஸ்ஷ்பிட்ஸ், அதாவது பெரிய ஸ்பிட்ஸ் என்றும், தம் பாட்டி காலத்தில் அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் ஒன்று இருந்ததென்றும், இப்போது ஒரு குட்டி வேண்டுமானால் நெடுந்தொலைவு போய்ப் பெயர் எழுதிவைத்துக் காத்திருக்க வேண்டுமென்றும் சொன்னார்.

ஒரே நாளில் இரண்டையும் பார்த்ததால் தோன்றிய கேள்வி இது. பெரிய ஸ்பிட்ஸ் அருகிப்போய்ச் சின்ன பொமரேனியன் உலகெங்கும் பரவியதற்கும், செருப்பூர்கள் ஓய்ந்துபோய் ஜெர்மன் செருப்புப் பெயர்கள் மட்டும் உலகெங்கும் விற்பதற்கும் மோஸ்தர் மாற்றந்தான் காரணமா? அல்லது, ஒரே நாளில் பார்த்த மயக்கத்தில் இரண்டையும் முடிச்சுப் போடுகிறேனா?

வேப்பேரி மருத்துவர்

முதலில் நாய்க் கணக்கை நேர் செய்துவிடுவோம். ஜெர்மன் ஸ்பிட்ஸ் என்பது பன்னாட்டு நாயினக் கூட்டமைப்பின் ஏட்டில் 97ஆம் எண்ணுள்ள ஒரே இனம். அளவை வைத்து அதை ஐந்தாகப் பிரித்திருக்கிறார்கள். தோள்வரை 43 முதல் 55 செ.மீ. உயரம் நிற்கும் சாம்பல் நிற வுல்ஃப்ஸ்பிட்ஸ்தான் நெதர்லாந்தில் கேஸ்ஹோண்ட் எனப்படுவது. நீங்கள் பார்த்த பெரிய ஸ்பிட்ஸ் 40 முதல் 50 செ.மீ.; அது கறுப்பு, பழுப்பு, வெள்ளை என்ற மூன்று நிறங்களில் மட்டுமே வரும். அதற்குக் கீழே நடுத்தரமும் சிறியதும். கடைசியில் 18 முதல் 24 செ.மீ. உள்ள ஸ்வெர்க்ஷ்பிட்ஸ், அதாவது குள்ள ஸ்பிட்ஸ். உலகம் பொமரேனியன் என்று அழைப்பது இதைத்தான்.

உங்கள் மாம்பலம் வீட்டு நாய் இந்த ஐந்தில் எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். நம் ஊரில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வீட்டுக்கு வீடு "பொமரேனியன்" என்று வளர்த்த வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். ஐரோப்பிய ஸ்பிட்ஸ்களின் வழியில் வந்து, நம் வெயிலுக்குப் பழகி, இங்கேயே தனியாக நிலைபெற்ற நாய் அது. அசல் பொமரேனியன் எடையில் மூன்று கிலோவை ஒட்டியே இருக்கும். "எங்கள் பொமரேனியன் பத்துக் கிலோ, டாக்டர்" என்று பெருமையாகத் தூக்கிவருபவர்களிடம் இதை எப்படிச் சொல்வதென்று முப்பது ஆண்டுகளாகத் திணறிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உங்கள் கேள்வி. ஸ்பிட்ஸ் மோஸ்தருக்காகப் பிறந்த நாய் அன்று. வேலைக்காரன் வீட்டு நாய். வண்டியோட்டி சரக்கு இறக்கப் போகும்போது வண்டியின்மேல் உட்கார்ந்து காவல் காப்பதும், உழவர் முற்றத்தில் அந்நியர் வந்தால் ஊரைக் கூட்டுவதும், வுர்ட்டம்பெர்க் பக்கத்தில் திராட்சைத் தோட்டத்தைக் காப்பதும் அதன் தொழில். எருக்குவியலின்மேல் ஏறி நின்று குரைப்பதால் ஜெர்மானியர் அதற்கு "மிஸ்ட்பெல்லர்", அதாவது எருமேட்டுக் குரைப்பான் என்று செல்லப்பெயரே வைத்திருக்கிறார்கள். உங்கள் விறகு அடுக்கு நாய் பரம்பரை வழக்கத்தை விடவில்லை. வேட்டை வெறி குறைவு என்பதால் அவிழ்த்துவிட்டாலும் முயலைத் துரத்திக்கொண்டு காட்டுக்குள் ஓடாது. சிறு உழவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மோஸ்தர்மணி

நாயை மோஸ்தராக்கியதில் ஜெர்மன் ஆடைத்தொழிலுக்கும் பங்குண்டு என்பதை இங்கே சேர்க்க வேண்டும். மியூனிக் நகரின் மாக்சிமிலியன் தெருவில் துணிக்கடை நடத்திய புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளர் ருடால்ஃப் மோஸ்ஹாமர், டெய்சி என்ற பொமரேனியனைக் கையில் ஏந்தாமல் வெளியே வந்ததே இல்லை.

சுவடி

மணி அண்ணா, சிறு திருத்தம். டெய்சி ஒரு யார்க்ஷயர் டெரியர். நெற்றி மயிரில் நாடா கட்டியிருக்கும் படங்களைப் பார்த்தாலே தெரியும். இந்தப் பிழையிலும் ஒரு செய்தி இருக்கிறது. ஜெர்மனியின் புகழ்பெற்ற மோஸ்தர்க்காரரே 2005 ஜனவரியில் கொலையுண்டு இறக்கும்வரை கையில் வைத்திருந்தது ஆங்கிலேய நாயைத்தான்.

பொமரேனியனைச் சின்னதாக்கிய மோஸ்தரும் இங்கிலாந்தில் நடந்ததே. மெக்லன்பர்க்-ஸ்ட்ரெலிட்ஸ் இளவரசி சார்லட் 1761இல் மூன்றாம் ஜார்ஜை மணந்து லண்டன் சென்ற பிறகு, பால்டிக் கரையோரப் பொமரேனியாவின் பெயரோடு இந்த நாய்கள் அரண்மனைக்குள் நுழைந்தன. ஆங்கில ஓவியர் கெய்ன்ஸ்பரோ 1777ஐ ஒட்டி வரைந்த ஓவியத்தில் நிற்கும் பொமரேனியன் மடியில் அடங்கும் நாய் அன்று. நடுத்தர ஸ்பிட்ஸ் அளவாவது இருக்கும். 1888இல் விக்டோரியா அரசி ஃபுளோரன்ஸ் நகரிலிருந்து மார்கோ என்ற சிறிய ஸ்பிட்ஸைக் கொண்டுவந்தார். அரசி வைத்திருப்பது சிறியது என்றதும் வளர்ப்பவர்கள் எல்லோரும் சிறியதையே தேர்ந்து இணைத்தார்கள்.

வேப்பேரி மருத்துவர்

சுவடி சொன்னது சரி. அதில் மரபியல் பக்கமும் ஒன்று உண்டு. நாயின் உடலளவைத் தீர்மானிக்கும் வளர்ச்சி மரபணு ஒன்றில் சிறிய உடலைத் தரும் மாற்றுவடிவம் மனிதர் செய்த புதுமை அன்று. சைபீரியாவில் ஏறத்தாழ 54,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓநாயின் எச்சத்திலேயே அது இருந்ததாக 2022இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. சிறுமை முன்பே உள்ளே இருந்தது. லண்டன் சீமாட்டிகள் அதைப் பொறுக்கி எடுத்தார்கள், அவ்வளவே.

ஆனால் பெரிய ஸ்பிட்ஸ் அருகியதற்கு லண்டன் சீமாட்டிகளைக் குற்றம் சொல்ல முடியாது. ஜெர்மன் ஸ்பிட்ஸ் சங்கம் தொடங்கியது 1899இல். மாக்ஸ் ஃபோன் ஷ்டெஃபானிட்ஸ் ஜெர்மன் ஷெப்பர்டுக்குச் சங்கம் தொடங்கியதும் அதே ஆண்டில். படைக்கும் காவல்துறைக்கும் ஏற்ற நாய் என்று ஷெப்பர்டு பெயரெடுத்தது. பெரிய காவல் நாய் வேண்டியவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். வண்டி போய் லாரி வந்தது. எருக்குவியலுள்ள முற்றங்கள் குறைந்தன. நெருக்கமாகக் குடியிருக்கும் நகரத்தில், குரைப்பதையே தொழிலாகக் கொண்ட நாயைப் பக்கத்து வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்ளமாட்டார். இன்று அருகிவரும் வீட்டு விலங்கினங்களைக் காக்கும் ஜெர்மன் அமைப்பின் சிவப்புப் பட்டியலில், குறிப்பிட்ட சில ஆட்டு, மாட்டு இனங்களோடு பெரிய ஸ்பிட்ஸும் நிற்கிறது. நாய்க்கு வேலை போயிற்று. அதனால் நாயும் போகிறது. செருப்பூருக்கும் இதே கதையா என்பதை அத்தொழில் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆம்பூர்க்காரன்

தெரிந்தவன் வந்திருக்கிறேன், டாக்டர் அம்மா. ஏற்றுமதி ஷூ கம்பெனியில் ஷூவின் மேற்பாகம் தைக்கும் அப்பர் பிரிவில் சேர்ந்து, மேற்பார்வையாளனாக ஓய்வுபெற்றவன். ஜெர்மன் ஆர்டர் பார்த்தே தலை நரைத்தது.

தம்பி, உங்கள் கேள்வியில் ஒரு சொல்லை மாற்றுங்கள். பிர்மாசென்ஸை மோஸ்தர் கொல்லவில்லை, கூலி கொன்றது. ஷூவின் விலையில் கூலி எங்கே ஏறுகிறது என்று பார்த்தால் புரியும். அடிப்பாகத்தை வார்க்கவும் ஒட்டவும் எந்திரம் உண்டு. மேற்பாகமாகிய அப்பரை அப்படிச் செய்ய முடியாது. தோலில் கொசு கடித்த வடுவும் முள் கீறிய தழும்பும் எங்கே இருக்கிறதென்று கண்ணால் பார்த்து, அவற்றைத் தவிர்த்து வெட்ட வேண்டும். விளிம்பைச் சீவி மெலிதாக்கி மடிக்க வேண்டும். வளைவான துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தித் தையல் ஒரு மில்லிமீட்டர்கூட விலகாமல் ஓட்ட வேண்டும். இதற்குக் கையும் கண்ணும் வேண்டும். அறுபதுகளில் இத்தாலியச் செருப்பு மலிவாக உள்ளே வந்ததும், ஜெர்மன் முதலாளிகள் முதலில் வெளியே அனுப்பியது இந்த அப்பர் வேலையைத்தான். போர்ச்சுகலுக்குப் போயிற்று, கிழக்கு ஐரோப்பாவுக்குப் போயிற்று, பிறகு ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைக்கு வந்தது. பிர்மாசென்ஸ் பெண்கள் செய்த வேலையை எங்கள் ஊர்ப் பெண்கள் செய்தார்கள். காலை ஷிப்டுக்குக் கம்பெனி வண்டிகள் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து ஏற்றிவரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மோஸ்தர் ஜெர்மன்காரனுக்கு எப்போதும் இரண்டாம்பட்சம். இத்தாலிய ஆர்டர் வந்தால் மூக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். ஜெர்மன் ஆர்டர் வந்தால் அகலம் எவ்வளவு என்று கேட்பார்கள். லாஸ்ட் என்னும் கால் அச்சு அவர்களுக்கு ஜி அகலத்தில் வரும். சற்று வயதானவர்களின் வசதிக்காக எச் அகலம். வீங்கிய பாதத்துக்குக் கே. ஒரே மாதிரி, ஒரே அளவு, மூன்று அகலம் என்றால் தையல்காரிக்கு மூன்று மடங்கு தலைவலி.

சுவடி

ஆம்பூர் ஐயா சொல்லும் கூலிக் கணக்கு உண்மைதான். ஆனால் பிர்மாசென்ஸ் பிறந்ததே வேலை போனதில்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹெஸ்ஸ-டார்ம்ஸ்டாட் ஆட்சியை 1768இல் ஏற்ற ஒன்பதாம் லூட்விக், தலைநகரில் இருக்காமல் பிர்மாசென்ஸில் இருந்துகொண்டு, உயரமான கிரெனடியர் வீரர்களைத் திரட்டிக் கவாத்து நடத்துவதிலேயே வாழ்நாளைக் கழித்தார். அவருக்காகவே அந்த ஊர் உண்டாயிற்று என்று சொல்லலாம். 1790இல் அவர் இறந்ததும் படை கலைந்தது; சம்பளம் நின்றது; மண்ணோ விளைச்சலுக்கு உதவாத மலைமண். வீரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் பழைய சீருடைத் துணியை வெட்டி "ஷ்லப்பன்" என்னும் வீட்டுச் செருப்புகளைத் தைக்கத் தொடங்கினார்கள். பெண்கள் அவற்றைக் கூடையில் சுமந்து ஊர் ஊராகக் கால்நடையாகப் போய் விற்றார்கள். அந்தச் செருப்புக்காரப் பெண்களின் நடையிலிருந்து வளர்ந்ததுதான் பின்னால் வந்த நூற்றுக்கணக்கான ஆலைகள் கொண்ட தொழில்.

மோஸ்தரை முழுவதும் தள்ளிவிடவும் முடியாது. 1904இல் பெர்லின் வணிகர் ருடால்ஃப் மோஸ், ஷ்டுட்கார்ட் அருகே கோர்ன்வெஸ்ட்ஹைமில் செருப்பு செய்துகொண்டிருந்த யாகோப் சீகிள், மாக்ஸ் லேவி ஆகியோரோடு சேர்ந்து, எந்த ஜோடியானாலும் 12.50 மார்க் என்ற ஒரே விலையில் ஸலமாண்டர் காலணிகளை விற்கத் தொடங்கினார். செருப்புத் தைப்பவரின் பெயர் மறைந்து, பெட்டிமேல் அச்சிட்ட பல்லியின் பெயர் முன்னால் வந்தது அப்போதுதான். (உயிரியல்படி அது பல்லி அன்று, தவளைக்கு உறவு, டாக்டர் அடிக்க வருமுன் நானே சொல்லிவிடுகிறேன்.) 1937 முதல் லூர்கி என்ற படக்கதைச் சிறு புத்தகம் ஸலமாண்டர் கடைகளில் பிள்ளைகளுக்குக் கிடைத்தது, லூர்கிக்காகச் செருப்பு வாங்கிய தலைமுறை ஒன்று உண்டு. யூதரான மோஸ் நாஜி ஆட்சியில் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். இன்று கோர்ன்வெஸ்ட்ஹைமில் செருப்பு செய்வதில்லை. ஸலமாண்டர் என்ற பெயர் ஆரா என்ற மற்றொரு காலணி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. பெயர் ஓரிடத்திலும் ஆலை வேறிடத்திலும் வாழ முடியும் என்று காட்டியது மோஸ்தர் வணிகந்தானே? அந்தப் பிரிவு இல்லாமல் கூலி தேடி ஆம்பூர்வரை வந்திருக்க முடியாது.

கிழக்கு ஜெர்மனியின் நிலை இன்னும் கடுமை. வைசன்ஃபெல்ஸ் நகரில் "அமைதியின் கொடி" என்ற பெயரில் நாட்டின் மிகப் பெரிய செருப்பாலை ஓடியது. 1990இல் மேற்கு ஜெர்மன் மார்க் நாணயம் உள்ளே வந்ததும், கிழக்கு மக்கள் மேற்குச் செருப்பை வாங்க ஓடினார்கள். ஆலை சில ஆண்டுகளில் மூடியது. அங்கே மோஸ்தரும் கூலியும் ஒரே நாளில் வந்து இறங்கின.

மோஸ்தர்மணி

டெய்சி விஷயத்தில் தவறுதான், திருத்திக்கொள்கிறேன். ஆனால் ஜெர்மன்காரர்களுக்கு மோஸ்தர் இரண்டாம்பட்சம் என்று ஆம்பூர் ஐயா சொன்னதை ஏற்க மாட்டேன். பிர்க்கன்ஷ்டாக் என்ற செருப்பு நிறுவனத்தைப் பாருங்கள். லாங்கன்-பெர்க்ஹைம் தேவாலய ஏட்டில் 1774இல் யோஹான் ஆடம் பிர்க்கன்ஷ்டாக் செருப்புத் தைப்பவர் என்று பதிவாகியிருக்கிறது. கார்க்கில் பாத வடிவம் செதுக்கி, 1963இல் ஒற்றைப் பட்டையோடு விற்ற செருப்பை அன்று மருத்துவச் செருப்பு என்றே பார்த்தார்கள். ஜெர்மானியரே கேலி செய்த அந்தச் செருப்பு இன்று பாரிஸ் மேடைகளில் நடக்கிறது. 2023 அக்டோபரில் அந்த நிறுவனம் நியூயார்க் பங்குச்சந்தையில் இறங்கியது. தங்கள் செருப்பு கலைப்படைப்பு, அதற்குப் பதிப்புரிமை வேண்டும் என்று போலிகளுக்கு எதிராக வழக்கே போட்டார்கள். 2025 பிப்ரவரி 20 அன்று ஜெர்மன் கூட்டாட்சி உயர் நீதிமன்றம், கைவினைத் திறமை வேறு, கலை வேறு என்ற நிலையெடுத்து மறுத்துவிட்டது. மோஸ்தர் இரண்டாம்பட்சமானால் நீதிமன்றம்வரை போவார்களா?

பைன்காட்டுத் தமிழன்

மணி அண்ணா பிர்க்கன்ஷ்டாக் என்றதும், நான் தேடிக்கொண்டிருந்த முடிச்சு கிடைத்துவிட்டது. அந்த நிறுவனம் 2023இல் புதிய ஆலை ஒன்றைத் திறந்தது. எங்கே தெரியுமா? பாசெவால்க் நகரில். போலந்து எல்லையை ஒட்டிய அந்த ஊர் இருப்பது ஃபோர்போமர்ன் வட்டாரத்தில். பழைய பொமரேனியாவில் ஜெர்மனிக்குள் மிஞ்சிய மேற்குப் பகுதி அது. பொமரேனியன் நாய்க்குப் பெயர் தந்த மண்ணில் இன்று ஜெர்மன் செருப்பு தயாராகிறது. ஆக, கூலி கூடிய நாட்டிலும் பெயருக்கு மதிப்பு இருந்தால் ஆலை திறக்க முடிகிறது. ஆம்பூர் ஐயா, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஆம்பூர்க்காரன்

நான் சொன்னதற்கு அதுவே சாட்சி, தம்பி. அந்தச் செருப்பின் மேற்பாகத்தை எடுத்துப் பாருங்கள். இரண்டு பட்டை, இரண்டு கொக்கி. அப்பர் என்று சொல்லிக்கொள்ள அதில் என்ன இருக்கிறது? கண்ணும் கையும் வேண்டிய தையல் குறைவு. அச்சு, எந்திரம் அதிகம். அதனால் ஜெர்மனியில் செய்து கட்டுப்படியாகிறது. முப்பத்தைந்து துண்டுள்ள பெண்கள் பூட்ஸை அங்கே தைக்கச் சொல்லுங்கள், பார்ப்போம்.

நாய்க்கும் செருப்புக்கும் முடிச்சு வேண்டுமென்றால் நான் ஒன்று தருகிறேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்.

தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், மயிர் நீக்கச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோல், எடுக்கும்போது பலகைபோல் விறைத்திருக்கும். அந்த விறைப்பை இறக்கி, இழைகளுக்கு நடுவிலிருக்கும் தேவையற்ற புரதத்தைக் கரைத்தால்தான் கையுறைக்கும் ஷூ அப்பருக்கும் ஏற்ற பட்டுப்போன்ற தோல் வரும். இதற்கு உலகம் முழுவதும் பல நூற்றாண்டாகப் பயன்பட்ட சரக்கு நாயின் மலம். வெதுவெதுப்பான நீரில் அதைக் கரைத்துத் தோலை அதில் போட்டுவைப்பார்கள். பதம் வந்ததா என்று பார்க்கப் பெருவிரலால் தோலை அழுத்துவார்கள். ரேகை அப்படியே பதிந்து நின்றால் சரி, எழும்பிவிட்டால் இன்னும் ஊற வேண்டும். எந்திரமும் ஆய்வுக்கூடமும் வந்த பிறகும் இந்தப் பெருவிரல் சோதனை போகவில்லை. நானே செய்திருக்கிறேன், நாய்ச் சரக்கில் இல்லை, ரசாயனத்தில்.

அந்த ரசாயனத்தைக் கொடுத்தவர் ஜெர்மானியர். ஷ்டுட்கார்ட் எரிவாயு ஆலையில் வேதியியலாளராக இருந்த ஓட்டோ ரோம், நாய் மலத்தில் வேலை செய்வது செரிமான நொதிதான் என்று கண்டு, கணையத்திலிருந்து எடுத்த நொதியை வைத்து ஓரோபான் என்ற சரக்கைச் செய்தார். அதை விற்கவே 1907இல் எஸ்லிங்கனில் ஓட்டோ ஹாஸ் என்பவரோடு சேர்ந்து ரோம் அண்டு ஹாஸ் நிறுவனம் பிறந்தது. பிளெக்சிகிளாஸ் கண்ணாடியை 1933இல் சந்தைக்குக் கொண்டுவந்த அதே நிறுவனந்தான். எருமேட்டின்மேல் நின்ற ஸ்பிட்ஸ் பக்கத்துத் தோல் பட்டறைக்கும் தெரியாமல் உழைத்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் அம்மா வேலை போயிற்று என்றாரே, இந்த வேலையும் அப்படித்தான் போயிற்று.

வேப்பேரி மருத்துவர்

ஐயா, இதை இனி வகுப்பில் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. நொதியைப் பற்றிய பாடம் மாணவர்களுக்கு ஆயுளுக்கும் மறக்காது.

சுவடி

சிரிப்புக்கு நடுவே ஒரு கசப்பையும் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும். ஜெர்மன் செருப்புத் தொழிலின் சோதனை முறைகளைப் பற்றிப் பேசும்போது ஸாக்ஸன்ஹவுசனைத் தாண்டிப் போக முடியாது. பெர்லினுக்கு வடக்கேயுள்ள அந்தச் சித்திரவதை முகாமில் 1940இல் செருப்புச் சோதனைப் பாதை ஒன்றை அமைத்தார்கள். கான்கிரீட், சரளை, மணல், சேறு என்று பலவகைத் தரை கொண்ட அந்தப் பாதையில் கைதிகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நடக்க வைக்கப்பட்டார்கள். போரால் தோல் தட்டுப்பாடு. அதற்குப் பதிலாகச் செய்த செயற்கை அடிப்பாகம் எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று பார்க்க மனிதர்களைத் தேய்த்தார்கள். பெயர்பெற்ற நிறுவனங்கள் பலவும் தங்கள் மாதிரிகளை அங்கே அனுப்பின. அந்தப் பாதையின் தடம் நினைவிடத்தில் இன்றும் இருக்கிறது.

ஆம்பூர்க்காரன்

தெரியாமல் இத்தனை ஆண்டு இருந்திருக்கிறேன், அம்மா. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஷூவை வளைத்து வளைத்துச் சோதிக்கும் எந்திரம் ஒன்று இரவும் பகலும் டக்டக்கென்று அடித்துக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் நின்று எத்தனையோ முறை டீ குடித்திருக்கிறேன்.

ஜெர்மன் சோதனை என்றால் எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு நடுக்கம் இருந்தது. 1989 டிசம்பரில் ஜெர்மனி பென்டாகுளோரோபீனாலுக்குத் தடை போட்டது. ஈரத்தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்க இங்கே எல்லாத் தோல் ஷாப்பிலும் அதைத்தான் போட்டுவந்தோம். அது நஞ்சு என்று ஒருவரும் எங்களிடம் சொன்னதில்லை. ஒரு கிலோ தோலில் 5 மில்லிகிராமுக்குமேல் இருக்கக் கூடாது. மறு ஆண்டு எங்கள் சரக்கு ஒரு கொள்கலன் அங்கேயே மறிக்கப்பட்டது. வாங்கியவர் ஒரு வரி தந்தி கொடுத்தார்; பணம் கொடுக்கவில்லை. பூஞ்சைத் தடுப்பானை மாற்றி முடிப்பதற்குள் 1994இல் அசோ சாயங்களுக்குத் தடை வந்தது. 2010இல் ஆறிணைதிற குரோமியம் என்ற நச்சு வகைக் குரோமியத்துக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்றார்கள். ஒவ்வொரு முறையும் திட்டிக்கொண்டே மாற்றினோம். எங்கள் தொழிலாளர் கையில் வந்த கொப்புளம் குறைந்தது அந்தத் தடைகளால்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் செலவு எங்கள் தலையில், பாராட்டு அவர்கள் கடைப் பலகையில்.

நெல்லை வாசகி

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். மகள் பிறந்தநாளுக்குப் பொமரேனியன் குட்டி வாங்க நினைக்கிறோம். வெயிலுக்காக மயிரை ஒட்ட வெட்டிவிடலாம் என்று விற்பவர் சொல்கிறார். படங்களில் கரடிக்குட்டிபோல் அழகாகவும் இருக்கிறது. டாக்டர் என்ன சொல்கிறீர்கள்?

வேப்பேரி மருத்துவர்

வெட்டாதீர்கள், அம்மா. ஸ்பிட்ஸுக்கு இரண்டு அடுக்கு மயிர். மேலே நீண்டு நிமிர்ந்தது, கீழே பஞ்சு. ஒட்ட வெட்டினால் பொமரேனியனில் மாதக்கணக்கில் முளைக்காமல் போவதும், திட்டுத் திட்டாகச் சொட்டை விழுவதும் உண்டு. அடியிலுள்ள பஞ்சை வாரத்தில் சில நாள் வாரி எடுத்தால் போதும். பகலில் நிழலும் விசிறியும் வேண்டும். கழுத்துப் பட்டையை விட மார்புப் பட்டை நல்லது, ஏனென்றால் சிறிய உடலில் மூச்சுக்குழாய் நொய்ந்து அமுங்கும் குறை இந்த இனத்தில் அதிகம். முழங்கால் சில்லு நழுவுவதும் அப்படியே. சோபாவிலிருந்து குதிக்கப் பழக்காதீர்கள். தாய் நாயைப் பார்க்காமல் குட்டியை வாங்காதீர்கள். "டீகப்", அதாவது தேநீர்க் கோப்பையில் அடங்கும் அளவு என்று சொல்லி விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இழைக்கும் இது தொடர்புடையதுதான். வண்டியின்மேல் மழையிலும் பனியிலும் உட்கார்ந்த நாயின் மயிரை, கரடிபோல் தெரிய வேண்டுமென்று நாம் வெட்டுகிறோம்.

மோஸ்தர்மணி

டாக்டர், மோஸ்தர் என்றால் கேடு என்றே எல்லோரும் எழுதுகிறீர்கள். பொமரேனியன் மோஸ்தராகாமல் இருந்தால் ஸ்பிட்ஸ் என்ற பெயரே நம்மில் எவருக்கும் தெரிந்திராது. முதல் உலகப்போரின்போது ஜெர்மன் பெயர் என்பதற்காகவே அமெரிக்காவில் வெள்ளை ஸ்பிட்ஸுக்கு அமெரிக்கன் எஸ்கிமோ என்று பெயர் மாற்றினார்கள். நாய் அதே நாய்தான், பிழைத்துக்கொண்டது. ஜப்பானியர் இருபதுகள் முப்பதுகளில் வெள்ளை ஸ்பிட்ஸ்களை வரவழைத்து ஜாப்பனீஸ் ஸ்பிட்ஸ் என்று தனி இனமே உண்டாக்கினார்கள். பெரிய ஸ்பிட்ஸை எவரும் மோஸ்தராக்கவில்லை. அதனால்தான் குட்டிக்குப் பெயர் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

பைன்காட்டுத் தமிழன்

மணி அண்ணா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மறுபாதிக்கு ஆம்பூர் ஐயாவின் கொள்கலனே விடை.

ஐயா எனக்குத் தனிமடலில் ஒரு வேலை கொடுத்திருந்தார். ஹவுவன்ஸ்டைன் கடைத்தெருவில் ஏதாவது தோல் ஷூவை எடுத்து, நாக்கின் உள்பக்கத்தையும் அடிப்பாகத்தையும் திருப்பிப் பார்த்து, எங்கே செய்தது என்று எழுதச் சொன்னார். இந்த ஞாயிறு அங்கே கடை திறந்திருந்ததால் போனேன். பதினோரு ஜோடி திருப்பிப் பார்த்ததும் கடைக்காரப் பெண் என்னைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கினார். போர்ச்சுகல் நான்கு, ஐரோப்பிய ஒன்றியம் என்று மட்டும் போட்டது மூன்று, வியட்நாம் இரண்டு, ஊர்ப்பெயரே இல்லாதது ஒன்று. கடைசியாக எடுத்த பழுப்பு நிறக் கயிற்று ஷூவின் உள்ளே, 42 என்ற அளவுக்கும் எச் என்ற அகலத்துக்கும் கீழே, சின்ன எழுத்தில் இந்தியா என்று இருந்தது. எனக்குச் சற்று அகலந்தான். வாங்கிவிட்டேன்.

ஆம்பூர்க்காரன்

குதிகால் பக்கத்துத் தையலைப் படமெடுத்துப் போடுங்கள், தம்பி. ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஓட்டு என்று எண்ணிப் பார்த்தால் அது எங்கள் பக்கத்துச் சரக்கா, கான்பூர்ச் சரக்கா என்று சொல்லிவிடுவேன். அகலமாக இருந்தால் உள்ளே இன்னொரு கார்க் அட்டை வையுங்கள், திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.